பாம்பாம் அண்ணாச்சியின் நகராத சைக்கிள்

மும்பையில் உட்கார்ந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம்கூட நகராமல், வாரத்துக்கு மூன்று தடவை தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்குச் சைக்கிளில் கிளம்பிய ஒரே மனிதர் பாம்பாம் அண்ணாச்சிதான். கிளம்பினார் என்றுதான் சொல்கிறேன். போய்ச் சேர்ந்தாரா என்று உடனே கேட்கக் கூடாது. எனக்கும் அவசரம்தான், ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

முதலில் என் அவசரத்தைப் பற்றி. முப்பத்திரண்டு வருஷம் மாட்டுங்கா ஸ்டேஷனில் ஒரே லோக்கல், ஒரே பெட்டி, ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஃபோர்ட்டில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போய்வந்தவன் நான். ரயில் ஒரு நிமிஷம் தாமதமானால் பிளாட்பாரத்தில் நின்றபடி மனசுக்குள்ளேயே ரயில்வே மந்திரியை ராஜினாமா செய்யச் சொல்லிவிடுவேன். ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் பரபரப்பு போகவில்லை. ஒரு நாள் மிக்ஸி மக்கர் செய்தது. அதன் வாரண்டி கார்டு லாஃப்டில் எங்கோ இருக்கிறது என்று என் மனைவி ஜெயா சொன்னாள். "ஏன்னா, நாளைக்கு ஆள் வரச்சொல்லிப் பாத்துக்கலாம்" என்றும் சொன்னாள். நாளை வரை காத்திருக்கிற ஜாதியா நான்? ஸ்டூல் மேல் ஏறினேன். கார்டு கிடைத்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே மல்லாக்க விழுந்தேன். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. அப்புறம் ஜெயா கார்டைப் பிரித்துப் பார்த்தாள். வாரண்டி முடிந்து ஏழு மாசம் ஆகியிருந்தது.

இப்படி வந்து சேர்ந்ததுதான் சக்கர நாற்காலியும், செம்பூரில் ஒரு டிரஸ்ட் நடத்தும் அந்தப் புனர்வாழ்வு மையமும். அங்கே ஒரு மெஷின் உண்டு. சைக்கிள் என்பார்கள், ஆனால் சீட் கிடையாது, சக்கரம் கிடையாது. நாம் உட்கார்ந்திருக்கும் நாற்காலியையே அதன் முன்னால் தள்ளிக் கொக்கி போட்டுவிடுவார்கள். பாதத்தைப் பெடலில் கட்டுவார்கள். தொடையிலும் பின்பக்கத்திலும் ஒட்டுகிற பேடுகளை ஒட்டி, அதிலிருந்து ஒயர் இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் கொடுப்பார்கள். மூளையிலிருந்து கீழே போக வேண்டிய உத்தரவை முதுகு வழியில் எங்கேயோ தடுத்து வைத்திருக்கிறது அல்லவா, அந்த உத்தரவைக் கரண்ட் நேரடியாகத் தசையிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறது. தசை இழுக்கிறது, பெடல் சுற்றுகிறது. எனக்கு ஓர் உணர்ச்சியும் இல்லை. என் கால்கள் பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்ததை, கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தக்காரர்கள் வேலை செய்வதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெஷின் ஒன்றுதான். ஆளுக்கு அரை மணி. திங்கள், புதன், சனி பத்தரை மணி என்னுடையது. பத்து மணி யாருடையது என்பது முதல் நாளே காதில் விழுந்தது.

"பாம் பாம்!"

ஹாலுக்குள்ளே ரப்பர் ஹார்ன் சத்தம். எட்டிப் பார்த்தால், மீசையும் மடித்துக் கட்டிய லுங்கியுமாக, ஐம்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒருவர் மெஷினில் பூட்டப்பட்டு உட்கார்ந்திருந்தார். மெஷினின் கைப்பிடியில் பழைய பந்து ஹார்ன் ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். மும்பைக்காரர்களுக்கு அந்த ஹார்னைத் தெரியாமல் இருக்காது. விடிந்ததும் விடியாததுமாக அலுமினிய அடுக்கில் இட்லியும் வாளியில் சட்னியுமாகத் தாராவியிலிருந்து சைக்கிளில் கிளம்புகிற நம்மூர் இட்லிக்காரர்களின் ஹார்ன் அது.

மணி பத்தரை. பத்து முப்பத்தொன்று. பத்து முப்பத்திரண்டு.

"எக்ஸ்கியூஸ் மீ, டைம் ஆச்சு" என்றேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "செத்த பொறும் வேய். கிங் சர்க்கிள் வந்துட்டு. இன்னும் ரெண்டு தெருதான்."

"எங்கே வந்துடுத்து?"

"கிங் சர்க்கிள். எதுத்தாப்புல பஸ்ஸு வருது பாரும், ஓரமா நில்லும்!" பாம் பாம்!

நான் நிஜமாகவே நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

பிசியோதெரபிஸ்ட் தனுஜா சின்னப் பெண், மராட்டிக்காரி. அவள் ஓடி வந்து "காகா, பஸ் ஆதா!" என்று மெஷினை நிறுத்தினாள். அதாவது, சித்தப்பா, இப்போதைக்குப் போதும் என்கிறாள். அண்ணாச்சி முகத்தில் பாதி வழியில் இறக்கிவிடப்பட்ட பிரயாணியின் வருத்தம். "இன்னிக்கும் மாட்டுங்கா சேரல" என்று சலித்துக்கொண்டார்.

விஷயம் என்னவென்றால், அவர் மெஷினில் உட்கார்ந்ததும் தாராவியில் தன் வீட்டு வாசலிலிருந்து கிளம்புவார். தொண்ணூறு அடி ரோடு, சயான் ஸ்டேஷன், பாலம், சர்க்கிள் என்று தினசரி வியாபாரத்துக்குப் போன அதே வழி, அதே திருப்பம், அதே வாடிக்கை. மூலைக்கு மூலை ஹார்ன். ஒரு குஜராத்தி அம்மாள் நாலாவது மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறக்குவாளாம், அந்த இடம் வந்தால் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்து "சட்னி ஸ்யாதா நஹி மிலேகா, பென்!" என்று, கூடுதல் சட்னி கிடையாது எனச் சண்டை பிடிப்பார். பக்கத்துப் பாயில் கை பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு வயசான ஷேட், "பாயி, தோ பிளேட் இதர் பீ" என்று தனக்கும் இரண்டு பிளேட் கேட்பார். ஹால் பூராவும் சிரிக்கும். நான் மட்டும் வாட்சைப் பார்ப்பேன்.

ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேன். "ஓய், நீங்கள் சயான் பாலத்து மேலே போறேளே, அந்தப் பாலத்தைத்தான் இடிச்சுப் போட்டிருக்காளே, தெரியாதா?"

"அது ஒமக்கு இடிச்சிருக்கான். என் ரூட்டுல பாலம் அப்டியே இருக்கு" என்றார், ஹார்னை அழுத்திக்கொண்டே.

அவர் விழுந்ததும் சைக்கிளிலிருந்துதான். நல்ல மழை, ரோடெல்லாம் தண்ணீர், தண்ணீருக்கு அடியில் பள்ளம். முன்சக்கரம் இறங்கியதும் ஆள் பின்னால் பறந்து நடைபாதை விளிம்பில் முதுகு அடிபட விழுந்தார். அந்தக் கதையை எங்களுக்கு வாரம் ஒருமுறையாவது சொல்வார். கதையின் உச்சகட்டம் முதுகு இல்லை. "அடுக்கு அப்டியே நின்னுச்சு வேய்! ஒத்த இட்லி சாயல. ஆம்புலன்ஸ்காரன் ரெண்டு தின்னுட்டுத்தான் என்னயத் தூக்கினான்."

இந்த மெஷினால் நடை வராது, தசை கரையாமல் இருக்கும், ரத்தம் ஓடும், படுக்கைப் புண் வராது என்று மையத்தின் பெரிய டாக்டர் முதல் நாளே எல்லாருக்கும் தெளிவாகச் சொல்லிவிடுவார். அதைக் கேட்டுவிட்டு நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அண்ணாச்சியோ டாக்டரிடமே, "நடக்கணும்னு யாரு கேட்டா? நான் என்னிக்கு நடந்து போனேன்? எப்பமும் சைக்கிள்தான்" என்றாராம்.

முதல் நாள் கரண்ட் ஏறி அவர் தொடை துள்ளியபோது ஹாலே திரும்பிப் பார்த்ததாகத் தனுஜா சொல்வாள். அண்ணாச்சி தன் வலது தொடையைத் தட்டி, "வாடே மாப்ள! இத்தன நாளா எங்கன போயிக் கெடந்த?" என்று விசாரித்தாராம். கூட வந்த அவர் மனைவி சொர்ணம்மா பயந்துபோய் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாளாம். இந்தச் சொர்ணம்மாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வாய் திறந்து பேசாத பெண்மணி. ஆனால் இந்தக் கதையின் பாதிக் குழப்பம் அவள் கையால் வந்தது. மீதி என் வாயால் வந்தது.

பேச்சுவாக்கில் என் விலாசத்தைக் கேட்டார் அண்ணாச்சி. சொன்னேன். ஹார்னிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"மூணாவது மாடியா? பால்கனியில துளசி தொட்டி?"

"ஆமாம்."

"ஓட்டப் பனியனப் போட்டுக்கிட்டு, 'ஏய் இட்லி, காலங்காத்தால எதுக்குடா ஊரைக் கூட்டறே'ன்னு கத்தினது நீருதானா?"

நான்தான். வேறு யார்? ஏழு மணிக்குத் தெருவில் அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். எங்கள் வீட்டில் இட்லி இல்லாத நாளே கிடையாது. இதில் தெருவில் வேறு வாங்குவார்களா என்று இளக்காரம். ஒருநாள் கத்தியே விட்டேன். அண்ணாச்சி கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், வயிறு குலுங்கச் சிரிக்கிறார். "உம்ம தெருதான் வேய் எனக்குக் கடசித் தெரு. அதோட அடுக்கு காலி. இந்த மெஷின்ல அதுக்குத்தான் போயிச் சேர முடியல."

அன்றிலிருந்து அரை மணி முடியும்போதெல்லாம் "உம்ம தெரு இன்னும் வரல" என்று எனக்கு ரிப்போர்ட் கொடுக்க ஆரம்பித்தார். எனக்கு வர வேண்டிய நேரத்தில் ஐந்து நிமிஷத்தைத் தின்றுகொண்டுதான்.

ஒரு புதன்கிழமை ஏழு நிமிஷம் தின்றுவிட்டார். எனக்குத் தலைக்கேறிவிட்டது. மெஷினில் ஒரு திரை உண்டு. அதில் மோட்டார் எவ்வளவு சுற்றுகிறது, நம் தசை எவ்வளவு சுற்றுகிறது என்று இரண்டு கோடு ஓடும். தசை இழுக்காவிட்டால் மோட்டார் தானே சுற்றிவிடும். அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்குத் தெரியும்.

"அண்ணாச்சி, எந்தத் தெருவுக்கும் நீங்க போகலை. நீங்க மிதிக்கவே இல்லை. அத்தனையும் மோட்டார். அதோ, உங்க கோடு தரையோட தரையாக் கெடக்கு பாருங்கோ."

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். என்ன பிரயோஜனம்? அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பம் இத்தன நாளும் நான் ஓசியிலயா போனேன்?" என்றார்.

அன்றைக்கு அவர் மெஷினை விட்டு இறங்குகிறவரை ஹார்ன் சத்தமே கேட்கவில்லை. ஷேட் இரண்டு தடவை பிளேட் கேட்டும் திரும்பவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து ஆள் மாறிவிட்டார். ஒரே குறி: மோட்டார் இல்லாமல், சொந்தக் காலால் என் தெருவுக்கு வர வேண்டும். "கரண்ட இன்னும் ஏத்துங்க மேடம்" என்று தனுஜாவைப் பிடுங்குவார். பேட் பாதியில் வழுக்கிக் கீழே விழும். அவள் துடைத்து மறுபடி ஒட்டுவாள். மறுபடி விழும். "காகாவுக்கு வேர்வை ஜாஸ்தி" என்று தலையில் கை வைத்துக்கொள்வாள். முதல் நாள் அப்படித் துள்ளின தசை பிறகு ஏன் அடங்கிப்போயிற்று என்று அவளுக்குப் புரியவே இல்லை. பேடை மாற்றினாள், ஒயரை மாற்றினாள். என் கோடு வாரத்துக்கு வாரம் ஏறியது. அவருடையது எழுந்திருக்கவே இல்லை.

மூன்றாவது மாசக் கடைசியில் பெரிய டாக்டர் வந்து பார்ப்பார். தசை வேலை செய்யாதவர்களை மெஷினிலிருந்து எடுத்துவிட்டு வேறு பயிற்சிக்கு அனுப்புவார்கள். வெளியே காத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். அப்படிக் காலியாகும் நேரத்தில் ஒரு பங்கை நன்றாகத் தேறுகிறவர்களுக்குக் கொடுப்பதும் உண்டு. பத்து மணி காலியானால் பத்தரை மணிக்காரன் ஒரு மணி நேரம் மிதிக்கலாம். இதைத் தனுஜா என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

இப்போது வாசனைக்கு வருகிறேன்.

ஒவ்வொரு தடவையும் சொர்ணம்மா ஒரு பெரிய டிபன் டப்பாவில் இட்லி கொண்டுவருவாள். மிளகாய்ப்பொடி, தளதளவென்று நல்லெண்ணெய். ஹாலில் எல்லாருக்கும் விநியோகம். அதனால் அண்ணாச்சியைச் சுற்றி எப்போதும் நல்லெண்ணெய் வாசனை. அது டப்பாவிலிருந்து வருகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். தனுஜா வீட்டுச் சமையலில் நல்லெண்ணெயே கிடையாது. அவளைப் பொறுத்தவரை அது இட்லியின் வாசனை, அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை சொர்ணம்மா வீட்டில் கேஸ் தீர்ந்துபோய் டப்பா வரவில்லை. நான் என் நாற்காலியோடு மெஷின் பக்கத்தில் காத்திருக்கிறேன். வாசனை மட்டும் அப்படியே இருக்கிறது. அண்ணாச்சியின் தொடையிலிருந்து வருகிறது.

இன்ஷூரன்ஸில் முப்பத்திரண்டு வருஷம் க்ளெய்ம் பார்த்தவனுக்கு இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? பேட் வழுக்குகிறது, வேர்வையில்லை, எண்ணெய். மெஷினில் ஏறுகிற ஒவ்வொரு நாளும் காலையில் காலுக்கு நல்லெண்ணெய் தேய்க்கிறாள் அந்த அம்மாள். கரண்ட் என்றால் சூடு, சூடு என்றால் நல்லெண்ணெய். என் அம்மா இருந்திருந்தால் எனக்கும் இதையேதான் செய்திருப்பாள்.

கண்டுபிடித்தவன் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

'நமக்கென்ன வந்தது' என்று முதல் நாள். 'தனுஜாவே கண்டுபிடிப்பாள், படித்த பெண்' என்று இரண்டாம் நாள். மூன்றாம் நாளிலிருந்து சமாதானம் சொல்லிக்கொள்வதையும் விட்டுவிட்டேன். எனக்கு அந்த ஒரு மணி நேரம் வேண்டியிருந்தது. என் கோடு ஏறிக்கொண்டிருந்தது அல்லவா? வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஹாலிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து ஹால் என்று நாற்காலியை உருட்டிக்கொண்டே இருந்தேன். "என்னன்னா ஆச்சு, சக்கரம் தேயறது" என்றாள் ஜெயா. அவள்மேல் எரிந்து விழுந்தேன். இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. என்னைப் பற்றி நானே எழுதுவதால் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

டாக்டர் வருகிற திங்கள்கிழமையும் வந்தது. கையில் ஃபைலோடு ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சியை மெஷினில் பூட்டினார்கள். தனுஜாவின் முகம் வாடியிருந்தது. அண்ணாச்சி என்னைக் கைகாட்டிப் பக்கத்தில் வரச்சொன்னார். ஹார்னைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வேய், மேடத்துக்கிட்ட நேத்தே ஃபோன் போட்டுச் சொல்லிட்டேன். எனக்கு இனிமே இல்லன்னு ஆச்சுன்னா, என் நேரத்த ஒமக்குத்தான் தரணும்னு. நீரு நல்லா மிதிக்கீரு. நான் விட்ட எடத்துலேர்ந்து, கிங் சர்க்கிள்லேர்ந்து உம்ம தெருவுக்கு ரெண்டே ரெண்டு தெரு. அத நீரு முடிச்சிரும், என்ன?" என்று சொல்லி ஹார்னை என் மடியில் வைத்தார்.

அந்த ஹார்ன் எவ்வளவு கனக்கும்? கால் கிலோ இருக்குமா? உணர்ச்சியே இல்லாத என் மடியில் அது கனத்தது.

"எண்ணெய்!" என்று கத்தினேன்.

டாக்டர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

"எண்ணெய்! நல்லெண்ணெய்! தனுஜா, தேல் ஹை, தேல்! பூரா கால் எண்ணெய்! பசீனா நஹி, வேர்வை இல்லை!" தமிழும் இந்தியும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. "சொர்ணம்மா, நீங்க காலுக்கு எண்ணெய் தேய்க்கறேளா இல்லையா?"

சொர்ணம்மா வெலவெலத்துப் போனாள். "ஆமா சார். காலையில தேச்சி, துண்ட வச்சி சுத்தமாத் தொடச்சிருவேன். கரண்ட்டு சூடுல்லா? அந்தக் காலு துடிச்ச துடிப்பப் பாத்து எனக்குக் கொல நடுங்கிட்டு சார்."

"எதுவும் தடவக் கூடாதுன்னு சொன்னாளே!"

"கிரீம் கூடாதுன்னாவ, பவுடர் கூடாதுன்னாவ, லோஷன் கூடாதுன்னாவ. எண்ண கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லலியே?"

தனுஜா அண்ணாச்சியின் தொடையை ஒரு விரலால் வழித்து முகர்ந்து பார்த்தாள். "ஆயி க!" என்று அலறினாள். "இட்லி!"

அதற்கு அப்புறம் நடந்ததைக் கல்யாண வேலை என்றுதான் சொல்ல வேண்டும். சோப்புப் போட்டால் வழவழப்பு போகவில்லை. "கடல மாவு வேணும்" என்றாள் சொர்ணம்மா, இந்தத் தடவை தைரியமாக. கேன்டீனில் வெங்காய பஜியா போடும் மாவ்ஷி ஒரு பாத்திரம் நிறையக் கடலை மாவோடு ஓடி வந்தாள். அந்த அம்மாளும் சொர்ணம்மாவுமாக ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தேய்த்தார்கள். இரண்டு தொடையிலும் மஞ்சள் மாவு அப்பிக்கொண்டு, எண்ணெயில் போடத் தயாரான வாழைக்காய் மாதிரி உட்கார்ந்திருந்தார் அண்ணாச்சி. "உப்புப் போட்டியா ஏட்டி?" என்று மனைவியை வேறு கேட்டார். டாக்டரே சிரித்துவிட்டார். கழுவி, துடைத்து, ஸ்பிரிட் போட்டு, மறுபடி பேட் ஒட்டினார்கள். இழுத்துப் பார்த்தாள் தனுஜா. அசையவில்லை.

கரண்ட் ஏறியது. முதலில் மோட்டார் சுற்றியது. பிறகு தொடை துள்ளியது, இரண்டும். தனுஜா ஒவ்வொரு படியாக மோட்டாரைக் குறைத்தாள். திரையில் தரையோடு கிடந்த கோடு, தூக்கத்திலிருந்து எழுந்து உட்காருகிறவன்போல மெல்ல எழுந்தது.

"மோட்டார் பந்த்" என்றாள் தனுஜா.

பெடல் சுற்றிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி குஜராத்தி அம்மாளைக் கூப்பிடவில்லை, சட்னிச் சண்டை இல்லை. கண் திரையிலேயே இருந்தது. மீசை மட்டும் ஆடியது. ஹார்ன் என் மடியில்தானே இருக்கிறது? நான் அழுத்தினேன்.

பாம் பாம்!

"கிங் சர்க்கிள் தாண்டியாச்சு அண்ணாச்சி!" என்றேன். "மார்க்கெட் வந்துடுத்து! பூக்காரா எல்லாம் ஒதுங்கறா! இதோ, இடது கைப் பக்கம் திரும்புங்கோ, எங்க தெரு! மூணாவது மாடி!" பாம் பாம்! பாம் பாம்! வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. பால்கனியில் நின்று கத்தினதைவிடச் சத்தமாகக் கத்தினேன்.

ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. அப்புறம் தசை களைத்து மோட்டார் பிடித்துக்கொண்டது. அண்ணாச்சி ஓசைப்படாமல் அழுதுகொண்டிருந்தார். மறுபடி ஆரம்பித்தார்கள். டாக்டர் ஃபைலில் இன்னும் மூன்று மாசம் என்று எழுதினார். மணி பார்த்தபோது பதினொன்று ஐந்து. என் அரை மணி முழுசாகப் போயிருந்தது. அது எனக்கு உறைக்கவே இல்லை.

கிளம்பும்போது அண்ணாச்சி கேட்டார். "எண்ணதான்னு எப்பம் கண்டுபிடிச்சீரு வேய்?"

இப்போதுதான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "ரெண்டு வாரம் ஆச்சு" என்றேன்.

நான் தரையைப் பார்த்தேன். தரையில் கடலை மாவு சிந்தியிருந்தது.

"ரெண்டு வாரமா? சரி. அப்பம் ரெண்டு வாரத்துக்கு ஒமக்கு இட்லி கெடையாது" என்றார்.

சொன்னதைச் செய்தார். ஷேட்டுக்கு இட்லி, தனுஜாவுக்கு இட்லி, மாவ்ஷிக்கு இட்லி, வார்டு பெருக்குகிற அம்மாளுக்கு இட்லி. என்னைத் தாண்டும்போது டப்பாவை மூடிக்கொண்டு போவாள் சொர்ணம்மா, மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு. ஐந்து நாள் அப்படி நடந்தது. மூன்றாவது வாரம் திங்கள்கிழமை நான் போய்ச் சேர்வதற்குள் என் நாற்காலி நிறுத்துகிற இடத்தில் ஒரு தட்டு. நாலு இட்லி, பொடி, குளம் மாதிரி நல்லெண்ணெய். "காலுக்கு மிச்சமானது, தின்னும்" என்றார் அண்ணாச்சி. தெரு இட்லியை என் வாழ்நாளில் முதல் தடவையாகச் சாப்பிட்டேன். ஜெயாவிடம் சொல்லாதீர்கள், அவள் இட்லி அதன் கால் தூசு பெறாது.

இப்போது அவருடைய மூன்று மாசமும், அதற்கு மேலே கொடுத்த மூன்று மாசமும் முடிந்துவிட்டன. கையால் சுற்றுகிற பெடல் வைத்த மூன்று சக்கர வண்டி ஒன்றில் அடுக்கைக் கட்டிக்கொண்டு தொண்ணூறு அடி ரோட்டில் காலையில் வியாபாரம் செய்கிறார். சொர்ணம்மா கூடவே நடக்கிறாள். வண்டிக்குப் புது ஹார்ன் வாங்கிவிட்டார். பழையதை மெஷினிலேயே கட்டிவிட்டுப் போனார். "ஹார்ன் இல்லாம வண்டிய எப்டி எடுப்பீரு?" என்று கேட்டார்.

எனக்கு இப்போது பத்து மணி. பத்தரை மணிக்குத் திலக் நகரிலிருந்து ஓர் இளைஞன் வருகிறான், ஷேர் மார்க்கெட்காரன். பைக் விபத்து. கையில் பெரிய வாட்ச், முகத்தில் நெருப்பு. என்னைப் பார்க்கிற மாதிரியே இருக்கும்.

நான் மாட்டுங்காவில் என் வீட்டு வாசலிலிருந்து கிளம்புவேன். மார்க்கெட், கிங் சர்க்கிள், சயான், இல்லாத பாலத்தின் மேலே ஏறி இறங்கி அந்தப் பக்கம். இத்தனை வருஷத்தில் கால் நன்றாக இருந்தபோது ஒரு நாள்கூடத் தாராவிக்குள் போனவனில்லை நான். கூப்பிடு தூரம்தான்.

"அங்கிள், டைம் ஓவர்!" என்கிறான் அந்தப் பையன். "எவ்ளோ நேரம்?"

பாம் பாம்!

"பொறும் வேய்" என்கிறேன். "அண்ணாச்சி வீடு வந்துட்டு. இன்னும் ரெண்டு தெருதான்."